வாசனையில்லாத ஆரஞ்சு

உரித்த ஆரஞ்சில் வாசனையே இல்லை. கனகாம்பாள் தோலை நசுக்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். விரலில் ஒட்டியது வெறும் ஈரம்தான். "சப்புன்னு இருக்கும்மா," என்றாள் மகள் தமிழரசி, பாதியைத் தின்றபடி. ஏழு வயது. அவளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கத்தான் இருவரும் லத்தா வட்டாரத்தின் சீனத் தெருவுக்கு வந்திருந்தார்கள். வாங்கிய ஷூ பெட்டி பிள்ளையின் கக்கத்தில் இருந்தது.

அது வாங்கிய பழமில்லை. நடைபாதை ஓரத்தில் ஒரு தட்டு இருந்தது. சோறு, பழங்கள், நடுவே புகையும் ஊதுவத்தி. சாமிக்குப் படைத்ததைக் கண்டால் கனகாம்பாளின் கை சும்மா இருக்குமா? கும்பிட்டு, ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றி, பிரசாதம் என்று பிள்ளைக்கும் கொடுத்துத் தானும் தின்றாள்.

ஊதுவத்திக் கடைக்காரி டாவ் சான் வாசலுக்கே ஓடிவந்தாள்.

"அது சாமிக்கு வச்சதில்லம்மா," என்றாள் பர்மியத்தில், குரலைத் தணித்து. "எங்க சீனக் கணக்குல ஏழாம் மாசம் இது. நாதியில்லாம செத்ததுங்களுக்கு வச்சது. வாசனைய அதுங்க ஏற்கெனவே தின்னாச்சு. மிச்சத்தத் தின்னவங்க பின்னாலயே வரும். பிள்ளை கைய விடாதே. யார் கூப்பிட்டாலும் திரும்பாதே. நேரா பஸ் ஏறிடு."

எட்டு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பிள்ளை. கனகாம்பாள் அவள் கையைப் பற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

மணி நாலுதான், ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மின்சாரமும் போய்விட, கடைக்குக் கடை ஜெனரேட்டர் உறுமத் தொடங்க, டீசல் புகையும் வறுத்த பூண்டும் நனைந்த சாம்பலும் கலந்த நெடி தொண்டையை அடைத்தது. சடசடவென்று பெய்தது. குடையை விரிக்கப் பிள்ளையின் கையை விட்டாள். ஒரே ஒரு நொடி. உடனே சின்னக் கை ஒன்று அவள் கைக்குள் வந்து புகுந்துகொண்டது. சில்லென்றிருந்தது. மழையில் நனைந்த கை வேறெப்படி இருக்கும்?

குடையைத் தாழ்த்திப் பிடித்து நடந்தாள்.

"அம்மா."

பின்னாலிருந்து வந்தது. தமிழரசியின் குரலேதான்.

"அம்மா, நில்லும்மா. நான் நனையிறேன்."

பிள்ளைதான் கையில் இருக்கிறாளே. பிடியை இறுக்கினாள். குனிந்து பார்க்கவும் பயம், அதுவும் திரும்பியதாகிவிட்டால்?

"அம்மா, ஷூ நனையுதும்மா."

நடந்தாள். திரும்பவில்லை. அழுகை கேட்டது. திரும்பவில்லை. மகாபந்துலா சாலை. பஸ். படி. ஏறிவிட்டாள்.

கதவு மூடியது. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

"ஒண்ணுமில்லடா கண்ணு, ஏறிட்டோம்."

ஒரு கையால் குடையை மடக்கினாள்.

பஸ் நகர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே, ஷூ பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, தமிழரசி மழையில் ஓடிவந்துகொண்டிருந்தாள். வாய் "அம்மா" என்று திறந்து திறந்து மூடியது. பிறகு தூரத்தில் சிறுத்துப் போனாள்.

கனகாம்பாளுக்குக் கத்த வாய் வரவில்லை. கையை உதறினாள். உள்ளே இருந்த விரல்கள் விடவில்லை.

இடுப்பருகே, மெதுவாக, ஏதோ மெல்லும் சத்தம். பஸ் முழுக்கக் கமகமவென்று ஆரஞ்சு வாசனை.