ஊசி இறங்கும் இடம்

கேமராவுக்கு முன்னால் வெள்ளைச் சுவரைத் தவிர வேறெதுவும் இல்லை. ஜன்னல் வழியே வந்த பிற்பகல் வெயில் சுவர் முழுக்க ஒரே சீராகப் படர்ந்திருந்தது. ஆனாலும் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்தில், வெளிச்சத்தின் அளவைக் காட்டும் சின்ன ஊசி, யாரோ குறுக்கே வந்து நின்றாற்போல் மெல்லத் தாழ்ந்தது.

ரேடியோ மெக்கானிக் கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தார். சுவர். வெயில். அதற்குப் பக்கத்தில் சாத்திக் கிடந்த அண்ணனின் அறைக் கதவு.

அண்ணனுடைய ஃபிலிம் கேமரா அது. அவர் போன பிறகு அலமாரியிலேயே கிடந்தது. காலையில் அண்ணன் மகள் போனில் கூப்பிட்டிருந்தாள்.

"லைட் மீட்டர் மட்டும்தான் கோளாறு சித்தப்பா. உங்க கைக்கு அதெல்லாம் ஒரு வேலையா? சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்." வைக்கும் முன், வழக்கம்போல, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்பா நிஜமாவே தூக்கத்துலதான் போனாரா?"

"தூக்கத்துலதான்மா," என்றார் அவரும், வழக்கம்போல.

பேட்டரி மூடியைத் திருகித் திறந்தார். பழைய பேட்டரி கசிந்து தகட்டில் பச்சை பூத்திருந்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, புதியதைப் போட்டார். ஊசி விருட்டென்று எழுந்தது. சுவரைக் காட்டினார். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தாழ்ந்தது, முன்னைவிடக் கீழே.

அடித்தகட்டைக் கழற்றி, உள்ளே இற்றுப்போயிருந்த ஒயரை மாற்றிப் பற்றவைத்தார். ஈயப் புகை மூக்கில் ஏறியது. அது அடங்கியதும் அதற்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை வந்தது. தைலமும், நாள்பட மாற்றாத படுக்கை விரிப்பும் கலந்த வாசனை. ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவைத்தார்.

"இன்னுமா முடியல?" வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மனைவி கேட்டாள். "உங்க அண்ணன் பொண்ணு வந்துட்டிருக்கா. நான் பஸ் ஸ்டாப்புக்குப் போய்க் கூட்டிட்டு வரேன்."

"இதோ ஆச்சு."

கதவு சாத்திக்கொண்டது. வீடு அமைதியானது.

லூஸ் ஒயர் என்றால் ஊசி துள்ளும். இது துள்ளவில்லை. நிதானமாக இறங்கியது. கேமராவை இடப்பக்கம் திருப்பினார், ஊசி ஏறியது. வலப்பக்கம் திருப்பினார், ஏறியது. அறைக் கதவை ஒட்டிய சுவர்ப் பக்கம் வந்தபோது மட்டும் இறங்கியது. மேலே தூக்கினார், ஏறியது. தரையைப் பார்த்துச் சாய்த்தார்.

ஊசி தொப்பென்று விழுந்தது.

அது என்னவாக இருந்தாலும், நின்றுகொண்டிருக்கவில்லை.

பக்கவாதத்தில் அண்ணனுக்கு வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அன்றைக்கும் இப்படித்தான், வீட்டில் வேறு யாரும் இல்லாத பிற்பகல். அறைக்குள் ஏதோ விழுந்த சத்தம். அப்புறம் இழுபடும் சத்தம். நிற்கும், மறுபடி இழுபடும். கடைசியில் கதவின் அடிப்பக்கத்தில் மெல்லிய தட்டல். அண்ணனுக்காக இரவெல்லாம் கண்விழித்த எரிச்சலில் இருந்த தம்பி, கையிலிருந்த ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். பாட்டு முடியட்டும். அப்புறம் பார்க்கலாம். பாட்டு முடிந்து செய்தியும் முடிந்தபோது தட்டல் நின்றிருந்தது. கதவைத் திறக்க முடியவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. யாரும் வருவதற்குள் அண்ணனைத் தூக்கிப் படுக்கையில் போட்டு, கன்னத்தில் ஒட்டியிருந்த தரைத்தூசியைத் துடைத்து, போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டார்.

இப்போது கேமராவை அசைக்காமல்தான் பிடித்திருந்தார். ஆனாலும் ஊசி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பொருள் பக்கத்தில் வர வர வெளிச்சத்தை அதிகமாக மறைக்கும். இது அவருக்குத் தெரிந்த கணக்குதான்.

இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது.

அந்தத் தாளம் அவருக்குத் தெரியும்.

"அண்ணே," என்றார். "எனக்குக் கேக்கலண்ணே. ரேடியோ சத்தத்துல..."

இறங்கியது.

"சத்தியமா கேக்கல."

இறங்கியது.

தைல வாசனை. முழங்காலுக்குக் கீழே. மிக அருகில்.

"கேட்டுச்சுண்ணே." அழுகை வந்துவிட்டது. "எல்லாம் கேட்டுச்சு."

ஊசி அடியில் போய்ப் படுத்தது. எழவில்லை.

வியூஃபைண்டரில் தரை மங்கியது. தெளிந்தது. மங்கியது. கேமராவைத் திருப்பி லென்ஸைப் பார்த்தார். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஆவி படர்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கி மறைந்தது. மீண்டும் படர்ந்தது.

பின்னால் நகரப் பார்த்தார். கால் வரவில்லை.

கணுக்காலருகே அவருடைய பேண்ட் துணி ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கி இறுகியிருந்தது. அந்தப் பிடி தளர்ந்தது. துணி விரிந்தது. பிறகு, இன்னும் சற்று மேலே, முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு கையின் ஐந்து விரல்களும் பதிய மறுபடி சுருங்கியது. ஒரு முழு மனிதனின் கனம் அதைப் பற்றிக்கொண்டு தன்னை மேலே இழுக்கத் தொடங்கியது.