முதலில் அசைந்தது எது

கரகண்டா பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில், கட்டுப்பாட்டு அறையில் கம்ஷாத் தனி ஆள். அவளோடு தேநீர் குடிக்க வருகிறவன் நிலக்கரி சுமக்கும் பெல்ட்டைப் பழுது பார்க்கும் சபித் மட்டும்தான். அந்த பெல்ட் அவன் வலது கையை வாங்கிவிட்டது. விபத்துகளை விசாரிக்கும் தொழிற்சங்கத்து தோசிமிடம் அவள் வந்து நின்றாள்.

"அண்ணே, எச்சரிக்கை ஹாரன் அடிக்காம நான் பெல்ட்டை ஓட்டினேனாம். வேலை போனா போகுது. சபித்தே நம்புறான். ஆஸ்பத்திரிக்குப் போனேன், செவுத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான். நான் பொத்தானைத்தான் அமுக்கினேன். ஹாரன், பெல்ட் ரெண்டுமே அதுலதான்."

தோசிம் தன் உதவியாளன் ஏர்கினுடன் அவளது அறைக்குப் போனார். அவள் கோப்பை தளும்பத் தேநீர் ஊற்றினாள்.

"நம்ம வழக்கத்துல கொஞ்சமா ஊத்தினா இருன்னு அர்த்தம், நிறைய ஊத்தினா கிளம்புன்னு அர்த்தம்க்கா. வந்ததுமே விரட்டுறீங்களே," என்றான் ஏர்கின்.

"ஆள் வந்து நாளாச்சு. கை மறந்துபோச்சு."

ஏர்கின் திரையைக் காட்டினான். "பொத்தானுக்கான புரோகிராம் ஒரே வரிண்ணே. 'ஹாரன் அடி' கூட்டல் 'பெல்ட் ஓட்டு'. ஒவ்வொண்ணும் நடந்தா ஒண்ணுன்னு பதில் வரும். கூட்டி ரெண்டு வந்தா எல்லாம் சரி. இடது பக்கம் ஹாரன், அதான் முதல்ல. கழட்டிப் போட்ட பழைய கம்ப்யூட்டர்ல ஓட்டியும் பார்த்தாச்சு, ஹாரன்தான் முதல்ல அடிச்சுது. அக்கா பொத்தானை விட்டுட்டு, பெல்ட்டை நேரா ஓட்டுற கைப்பிடியை இழுத்துத்தான் ஓட்டியிருக்கணும்."

"சபித் என்ன சொன்னான்?"

"பெல்ட் இழுத்தப்புறம் ஹாரன் கேட்டுச்சாம். வலியில உளறியிருப்பான்."

"கைப்பிடியை இழுத்தா ஹாரன் அடிக்குமா?"

"அடிக்காது."

"அப்ப அந்த ஹாரன் எங்கேருந்து வந்துச்சு?"

ஏர்கின் திரையில் அந்த வரியைத் திரும்பப் படித்தான்.

"இந்தக் கம்ப்யூட்டர் எப்ப மாத்தினாங்க, கம்ஷாத்?"

"விபத்துக்கு முந்தின நாள்."

தோசிம் இரண்டு கோப்பைகளை வரிசையாக வைத்தார். "இது எழுதியிருக்கிற வரிசை. எதுல முதல்ல ஊத்தணும்னு இதுல இருக்கா? இந்த மொழியில கூட்டலுக்கு ரெண்டும் வேணும், அவ்வளவுதான். எதை முதல்ல செய்றதுங்கிறது மிஷினோட இஷ்டம். பழசு இடதுலேருந்து செஞ்சுது, புதுசு வலதுலேருந்து செய்யலாம். எழுதினவன் அதையே சட்டம்னு நினைச்சுட்டான். தனித்தனி ரெண்டு வரியா எழுதியிருக்கணும்."

கீழே ஆளில்லை என்று உறுதி செய்துகொண்டு பொத்தானை அமுக்கச் சொன்னார். கண்ணாடிக்கு வெளியே பெல்ட் அசைந்தது. அப்புறம்தான் ஹாரன் அடித்தது.

கம்ஷாத் அழவில்லை. "இதை அவன்கிட்ட சொல்லுங்கண்ணே," என்றாள்.

பனி விழத் தொடங்கிய பிறகு ஒரு நாள் சபித் வந்தான். சட்டையின் வலது கை மடித்து ஊசி குத்தியிருந்தது.

"தோசிம் அண்ணன் வந்து சொன்னாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அவள் கோப்பையை அவனுடைய இடது பக்கம் நகர்த்தி வைத்தாள். ஒரு மடக்குதான் ஊற்றினாள்.