மீன்சந்தை நிறுத்தத்தின் பின்பக்கம்

மழைக்காலம் போய் வெயில் வந்த பிறகும் அபொண்டியின் அம்மா மீன்சந்தை நிறுத்தத்தில் வேன் ஏறவில்லை. மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, சுற்றுவழியாக நடந்தே டவுனுக்குப் போவார்.

ஏன் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

மழை கொட்டிய ஒரு காலையில் அம்மாவும் அபொண்டியும் தம்பி ஒடெக்கும் அந்த நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள். அபொண்டி மீன்கூடையைப் பிடித்திருந்தாள். ஒடெக் அம்மாவின் கையைப் பிடித்திருந்தான். வேன் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. ஒடெக்கின் கை நழுவிவிட்டது. நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சாக்கடை உண்டு. அன்று அது நிரம்பி வழிந்ததில், தரை எது, பள்ளம் எது என்றே தெரியவில்லை. தண்ணீர் ஒடெக்கை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவனுக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது.

அதுவரை அம்மாவை எல்லோரும் 'ஒடெக் அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அதன்பிறகு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பேச்சையே குறைத்துக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் மட்டும் பேசினார்கள். தக்காளி விற்கும் அச்சோலா என்ற பெண் சொன்னது அபொண்டியின் காதிலேயே விழுந்தது.

"பெத்தவ கையை இறுக்கிப் பிடிச்சிருக்க வேண்டாமா?"

அபொண்டி அதை வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்கும் அது எப்படியோ எட்டியிருக்க வேண்டும். சோளமாவுக் களி கிளறும்போது பாதியில் நின்று தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருப்பார். களி அடிப்பிடிக்கிற வாசனை வந்ததும் அபொண்டிதான் ஓடிப்போய் இறக்கிவைப்பாள். அம்மா அழவும் இல்லை. அதுதான் அபொண்டிக்கு இன்னும் பயமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் நிறுத்தத்தைப் புதிதாகக் கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. அங்கே நிற்பவர்களையே கேட்டுக் கட்டலாம் என்று, நெகெசா என்ற பெண் இன்ஜினியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேயே வந்தார். பெரிய தாளில் வரைந்த படத்தை மரத்தில் மாட்டி, என்னென்ன வேண்டும் என்று கேட்டார்.

கூரை வேண்டும் என்றார்கள். பெஞ்சு, விளக்கு, போனுக்கு சார்ஜ் போட ஒரு இடம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வேன் கண்டக்டர் ஒமொல்லோ தன் கால்பந்து அணியின் நிறத்தில் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றான். பாதிக் கூட்டம் உடனே அவன்மேல் பாய்ந்தது. அந்த அணி ஜெயித்தே பல வருஷம் ஆகிறதாம்.

சாக்கடையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறந்துபோய் அல்ல. சாலைக்கு எதிர்ப்பக்கம் அம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் காதுபட அதை எப்படிச் சொல்வது?

அபொண்டி கையைத் தூக்கினாள்.

"சொல்லும்மா, உனக்கு என்ன வேணும்?" என்று நெகெசா கேட்டார்.

அபொண்டி சாலைக்கு அப்பால் நின்ற அம்மாவைப் பார்த்தாள். சற்று யோசித்தவள், ஒமொல்லோவிடம் போய்க் காதில் ஏதோ சொன்னாள். அவன் தயங்கினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சாலையோரமாகப் போய் நின்று தினமும் கத்துவதுபோலவே கத்தினான்.

"டவுன், டவுன், டவுன்! ரெண்டே சீட்டு! ஓடியா, ஓடியா!"

வேனே வரவில்லை. ஆனாலும் மொத்தக் கூட்டமும் பாய்ந்தது. ஒருவர் செருப்பு அறுந்தது. அச்சோலாதான் எல்லோருக்கும் முன்னால் நின்றார். பிறகுதான் நடந்தது புரிந்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"யாரும் நகராதீங்க," என்றாள் அபொண்டி. "அப்படியே திரும்பிப் பாருங்க."

திரும்பினார்கள். சின்னப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஒதுங்கி, காய்ந்து கிடந்த சாக்கடையின் விளிம்பில் நின்றிருந்தார்கள். அச்சோலாவின் மகனுடைய குதிகால் தரையிலேயே இல்லை. அவனைப் பிடித்திருந்த அச்சோலாவின் விரல்களோ இன்னும் மடங்கியபடியே இருந்தன. கை விட்டுப்போனது அவருக்கே தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியது.

"எங்கம்மாவும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க," என்றாள் அபொண்டி.

அச்சோலா ஓடிப்போய் மகனை வாரி எடுத்தார். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே சாலையைக் கடந்து அம்மாவிடம் போனார். அங்கே என்ன சொன்னார் என்று வண்டிச் சத்தத்தில் அபொண்டிக்குக் கேட்கவில்லை. அம்மா அச்சோலாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுவது மட்டும் தெரிந்தது. அம்மா வெகுநேரம் அழுதார். அபொண்டியும் அழுதாள்.

அதன்பிறகு கூட்டத்தில் வாக்குவாதமே இல்லை. பிள்ளைகள் எங்கெங்கே நிற்பார்கள் என்று அபொண்டி நடந்து காட்ட, நெகெசா சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். முதலில் சாக்கடைக்கு மூடி, அதற்கப்பால் ஒரு கம்பித் தடுப்பு, மிச்சமிருந்தால் கூரை என்று முடிவானது. சார்ஜ் போடும் இடத்தை விட்டுவிட்டார்கள். பெயின்ட்டைப் பற்றி ஒமொல்லோவே பேசவில்லை.

வேலை முடிந்தபோது, ஒடெக்கின் பெயரைச் சிமெண்ட்டில் எழுதலாமா என்று நெகெசா அம்மாவிடம் வந்து கேட்டார்.

"வேண்டாம் மேடம்," என்றார் அம்மா. "பேரைப் பார்த்தா பிள்ளைங்க பயப்படும். அதுங்க பாட்டுக்கு ஓடி ஆடட்டும்."

அடுத்த மழைக்காலம் வந்தது. முதல் மழையன்றும் அம்மா சுற்றுவழியாகத்தான் போனார். அபொண்டி கட்டாயப்படுத்தவில்லை.

அவள் மட்டும் பள்ளிக்கூடப் பையோடு நிறுத்தத்தில் நின்றாள். வேன் வந்ததும் கூட்டம் பாய்ந்தது. தெரியாத ஒரு குட்டிப்பெண் பின்னால் தள்ளப்பட்டு, சிமெண்ட் மூடிமேல் வந்து நின்றாள். காலால் அதைத் தட்டிப் பார்த்தாள்.

"கீழே என்னக்கா சத்தம்?"

"தண்ணி ஓடுது."

"ஆழமா?"

"ஆமா, ஆழம்," என்றாள் அபொண்டி. "உனக்கு ஒண்ணும் ஆகாது. மேலே நல்லா மூடியிருக்கு."

குட்டிப்பெண் உடனே இரண்டு காலையும் சேர்த்து அதன்மேல் குதித்தாள். மறுபடியும் குதித்தாள். அபொண்டி அவளைத் தடுக்கவில்லை. அடுத்த வேன் வந்ததும் அவளை முதலில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே தானும் ஏறிக்கொண்டாள்.