வீமன் நல்ல சுகம்

ஐந்தாம் நாள் காலை சோற்றுக் கோப்பையைத் தட்டியும் வீமன் எழும்பவில்லை. அந்தச் சத்தம் கேட்டாலே சங்கிலியை இழுத்துக்கொண்டு வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற நாய் அது. இன்று முகத்தை மறுபக்கம் திருப்பிப் படுத்திருந்தது. வாயோரத்தால் எச்சில் வடிந்து மண் நனைந்திருந்தது. முதல்நாள் வைத்த தண்ணீர் வைத்தபடியே கிடந்தது. பரமலிங்கம் கிட்டப் போகாமல் தடியால் கோப்பையைத் தள்ளிவிட்டார். நாய் தடியைக் கவ்வியது. பல் உடைந்த சத்தம் கேட்டது. அப்போதும் விடவில்லை.

மத்தியானம் செத்துப்போயிற்று.

அவர் செய்யவேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம். சைக்கிளை எடுத்து, பத்து நிமிடம் மிதித்து, குகதாசன் வீட்டு வேலிப் படலையில் நின்று, "நாய் செத்துப்போச்சு, உடனை ஊசிக்குப் போங்கோ" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஐந்து நாளுக்கு முன், வீட்டுக்கு வந்து தடவிக்கொடுக்கக் குனிந்த குகதாசனின் கன்னத்தை வீமன் கவ்விவிட்டது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வன்னிக்குள் போர்த் தடையால் பனடோல் குளிசைக்கே தட்டுப்பாடு, விசர்நாய்க்கடி ஊசிக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரியில் இருந்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய மருந்து. "நாயைக் கட்டிவைச்சுப் பதினாலு நாள் பாருங்கோ. இருந்தால் பயமில்லை. செத்தால் அந்த நிமிசமே ஓடி வாங்கோ, இருக்கிற ஊசியைப் போடுவம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த நாட்களில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். நாய்க்காரன் சொல்லும் ஒரு சொல்லை நம்பித்தான் கடிபட்டவன் இருப்பான். "பரமலிங்கம் சேர் பாக்கிறார்தானே, எனக்கென்ன கவலை" என்று குகதாசன் சிரித்தாராம்.

அந்தச் சிரிப்புத்தான் பரமலிங்கத்துக்குப் பிடிக்காது. பொறாமை. மறைத்துப் பேச என்ன இருக்கிறது, வயிறு பற்றி எரிகிற பொறாமை! ஒட்டுசுட்டானில் பதினொரு வருடமாக உயர்தர விலங்கியல் படிப்பித்தவர் அவர். யாழ்ப்பாணத்து இடம்பெயர்வோடு இரண்டு சாக்குப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வந்திறங்கிய குகதாசன், சந்தியில் இருந்த பரமலிங்கத்தின் வகுப்புக் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கொட்டில் போட்டார். நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகுத் தட்டி மட்டும். மூன்றே வருடம். அந்தப் பக்கம் அறுபது பிள்ளைகள், இந்தப் பக்கம் ஒன்பது.

கடிபட்ட மூன்றாம் நாள் அந்த மனிதர் செய்த வேலையைக் கேளுங்கள்.

"பிள்ளையள், என்ரை கன்னத்தைப் பாருங்கோ. இண்டைக்கு இதுதான் பாடம்!" தட்டிக்கு அப்பால் ஒரே சிரிப்பு. பரமலிங்கம் கிடுகு ஓட்டையால் பார்த்தார். குகதாசன் கையில் நூலில் கோத்த புளியங்கொட்டை மாலை, கொட்டிலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை இழுபட்டது. "விசர்நாய்க்கடி வைரசின்ரை மேலிலை முள்ளு முள்ளாய்ப் புரதம் இருக்கு. ஒரு முள்ளுச் சங்கிலியிலை ஐந்நூற்றைஞ்சு அமினோ அமிலம். முன்னூற்று முப்பத்திமூண்டாவதை எண்ணிப் பாருங்கோ, குண்டுமணி கோத்திருக்கிறன். அதுதான் ஆர்ஜினின். அதைக் கழட்டி வேறை ஒண்டைக் கோத்தால், ஆய்வுகூடத்திலை வளந்த எலியளை அந்த வைரசாலை கொல்ல ஏலாமல் போச்சு. மிச்சச் சங்கிலி அப்படியேதான்!"

"கழட்டாட்டில், சேர்?"

"நரம்பின்ரை கதவைத் திறந்து உள்ளை போகும். மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். ஏறினாப் பிறகு மருந்தில்லை. அதுக்கு முந்தி ஊசி போட்டால் தப்பலாம்."

பரமலிங்கமும் இதே அமினோ அமிலத்தைப் படிப்பித்தவர்தான். 'இருபது வகைப்படும், எழுதுங்கோ' என்பார், பாதி வகுப்புக் கொட்டாவி விடும். மறுநாள் அவருடைய கெட்டிக்காரி தயாளினியும் அந்தப் பக்கம் போய்விட்டாள். அவளுமா! அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே ஐந்தாம் நாள் அவர் சைக்கிளை எடுக்கவில்லை. மண்வெட்டியை எடுத்தார். வாழைகளுக்குப் பின்னால் ஆழமாக வெட்டிப் புதைத்தார். சொல்லாமல் விடுவதாக நினைக்கவில்லை. பின்னேரம் சொல்லலாம், ஒரு நேரம் தாமதித்தால் குடியா முழுகிப்போகும் என்றுதான் நினைத்தார். பின்னேரம் குகதாசனின் மனைவி கமலாசனி வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டா. கடிக்கிற நாய் என்பதால் உள்ளே வருவதில்லை.

"சேர், வீமன் சாப்பிட்டுதோ?"

"ஓம் ஓம். ரெண்டுதரம் சாப்பிட்டுது. நல்ல சுகம்."

வாய் தானாகச் சொன்னது. ஒருமுறை சொன்ன பிறகு, மறுநாள் உண்மை சொன்னால் 'எப்ப செத்தது?' என்று கேட்பார்களே! அதனால் மறுநாளும் நல்ல சுகம். அதற்கடுத்த நாளும். பதினான்காம் நாள் கமலாசனி ஒரு தட்டு மோதகம் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினா. "வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைச்சனான் சேர். அவா காப்பாத்திப் போட்டா." அவர் வாங்கிக்கொண்டார். ஒன்றைத் தின்றும் பார்த்தார்.

அதன்பிறகு பாடம் நடத்துவதை விட்டுத் தட்டிக்குக் காது கொடுப்பதே அவர் வேலையாகிவிட்டது. இருபதாம் நாள், இருபத்தோராம் நாள், குகதாசனின் குரல் வழமைபோலக் கணீரென்று வந்தது. ஒன்றும் நடக்காது என்று ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்குள் ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை.

இருபத்தாறாம் நாள், சோளகக் காற்று புழுதியை வாரிக்கொண்டு கிடுகுகளைப் பிரித்துச் சரசரக்க வைத்த பிற்பகலில், பாடத்துக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. நகத்தால் தோலைச் சொறிகிற சத்தம். கர, கர. குகதாசன் பேசிக்கொண்டே கன்னத்தைச் சொறிந்தார். ஆறிப்போன காயம். நிறுத்தவே இல்லை. பிறகு தண்ணீர்ச் செம்பை எடுக்கிற சத்தம். விழுங்குகிற சத்தத்துக்காகப் பரமலிங்கம் காத்திருந்தார்.

வரவில்லை.

தொண்டை இறுகுகிற ஓசை ஒன்று. செம்பு விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"காத்து வருது. சாக்கைப் போட்டு மறையுங்கோ. முகத்திலை காத்துப் படுது, மறையுங்கோ!"

சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் அந்தக் கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. அறுபது பிள்ளைகளும் பரமலிங்கத்திடம் வந்து நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். தயாளினி முன்வரிசை வாங்கில். எத்தனை வருடம் ஆசைப்பட்ட காட்சி! அவர் வாய் திறக்கமுன் அவள் கேட்டாள். "சேர், குகதாசன் சேர் வருமட்டும் அந்தப் புளியங்கொட்டைச் சங்கிலியை நீங்கள் காட்டுவியளோ?" பாவி, அந்த நேரத்திலும் அவருக்கு எரிந்தது.

பின்னேரம் கமலாசனி வந்தா. தலை வாரியிருக்கவில்லை.

"தண்ணி குடிக்கிறாரில்லை சேர். ஆஸ்பத்திரியிலை முதல் கேட்டதே நாய் இருக்கோ எண்டுதான். இருக்கெண்டு சொன்னனான். அப்ப மலேரியாவாய் இருக்குமெண்டு குளிசை தந்து விட்டவை." மூச்சு வாங்கினா. "ஆனா இவர் நம்புறாரில்லை. வீமனைக் கண்ணாலை காணவேணுமாம். ஒருக்காக் கொண்டுவந்து காட்டுங்கோ. கண்டால் பயம் தெளிஞ்சு குடிச்சிடுவர்."

"வாறன்" என்றார். வேறு என்ன சொல்வது?

அவர் போனது பொழுதுபடுகிற நேரத்தில். சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். சொல்லிவிடலாம். இப்போது சொல்லி என்ன? ஊசிக்கான நாள் போய்விட்டது. அது மூளைக்கு ஏறிவிட்டது. கதவு கதவாகத் திறந்து. முப்பது அடி இருந்தது படலைக்கு. இருபது. காற்று விழுந்துவிட்டிருந்தது. அடுப்புப் புகை மணந்தது. கமலாசனி முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றா. குகதாசன் படுத்திருந்த அறையின் யன்னலுக்குச் சாக்கு அடித்திருந்தது.

சாக்குக்குப் பின்னால் ஒரு சத்தம்.

இருமல் என்று நினைத்தார். மறுபடி. கரகரத்து, அடித்தொண்டையிலிருந்து, வெட்டி வெட்டி. ஒன்று. இரண்டு. மூன்று.

துலாக்கயிறு நின்றது. கமலாசனி திரும்பினா. படலையில் பரமலிங்கத்தின் தலையைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்த மலர்ச்சி!

"கொண்டுவந்திட்டியளோ சேர்!"

அவா செம்பு நிறையத் தண்ணீரை வார்த்துக்கொண்டு, தளும்பத் தளும்ப வீட்டுக்குள் ஓடினா.

"இஞ்சருங்கோ! வீமன் வந்திட்டுது! குலைச்சது கேட்டதே? உயிரோடைதான் இருக்கெண்டு நான் சொன்னனானெல்லே! எழும்பி இந்தத் தண்ணியைக் குடியுங்கோ!"

அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து மறுபடியும் குலைத்தது.