இன்ஜினை அணைக்காத மாமாக்கள்

"ஜன்னலை மூடும்மா, அப்பாவுக்குப் புகை..."

"மூடினா அவர் யார் முகத்தைப் பார்ப்பாரு? நாள் பூரா இந்தச் சுவரையா?"

"டாக்டரம்மா சொன்னது உன் காதுல..."

"விழுந்துச்சுடி. உனக்கு மட்டும்தான் காது இருக்கா?"

மகள் குருவி ஜன்னல் கதவை இழுத்தாள், அம்மா தள்ளினாள். நடுவில் மாட்டிக்கொண்ட கதவு கிறீச்சிட்டது.

"கதவு பாவம். ரெண்டு பேரும் விடுங்க" என்றார் கட்டிலில் படுத்திருந்த அப்பா. வீங்கிய பாதங்கள் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அப்பா சரக்கு வண்டி ஓட்டியவர். அவருடைய சிறுநீரகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போயிருந்தன. "இது பழையபடி ஆகாது. மிச்சம் இருக்கிறதைத்தான் காப்பாத்தணும்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். புகையைப் பற்றியும் சொன்னார். "அது நெஞ்சோட நிக்காது. ரொம்பப் பொடித் தூசி ரத்தத்துலயும் கலந்திடும். ரத்தத்தை வடிகட்டுறது யாரு? சிறுநீரகம்தானே? அதுவே நொந்து கிடக்கு. புகையை அண்ட விடாதீங்க."

ஆனால் வீட்டுக்குள் புகையைக் கொண்டுவந்ததே அப்பாவின் சிநேகிதர்கள்தான். தினமும் காலையில் வண்டியை ஜன்னலுக்கு நேராக நிறுத்தி நலம் விசாரிப்பார்கள். இன்ஜினை மட்டும் அணைக்க மாட்டார்கள். எல்லாம் கிழட்டு வண்டிகள். அணைத்தால் மறுபடி கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அப்பாவும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஓட்டினார்.

அன்றும் டடடடவென்று சத்தம் கேட்டது. மொட்டை மாமா ஜன்னலில் தலையை நீட்டினார்.

"என்னண்ணே, ராஜா மாதிரி படுத்துட்டீங்க? உங்க வண்டி உங்களைக் காணோம்னு அழுவுது."

"எண்ணெய் ஊத்துடா, அழுகை நிக்கும்."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. நாள் முழுக்க அவர் சிரிப்பது அந்த ஒரு தடவைதான். குருவி அதையும் பார்த்தாள். கறுப்புப் புகை கட்டிலைத் தேடி வருவதையும் பார்த்தாள்.

மாமா கிளம்பும்போது பின்னாலேயே ஓடினாள்.

"மாமா, நாளையிலேர்ந்து தெருமுனையிலயே அணைச்சிட்டு நடந்து வர்றீங்களா? அப்பாவுக்குப் புகை ஆகாதாம்."

மாமாவின் முகம் சுருங்கியது. "நாங்க பார்க்க வர்றதா அவருக்குக் கெடுதல்?"

"நீங்க இல்ல மாமா. புகைதான்."

"அணைச்சா இந்தச் சனியன் கிளம்பாதே, கண்ணு."

"நான் தள்ளுறேன்."

"நீயா? எலும்பும் தோலுமா இருந்துகிட்டு?" மாமா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரி, எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்."

மறுநாள் விடிந்ததும் குருவி தெருமுனையில் போய் நின்றாள், தள்ளுவதற்குத் தயாராக. முதல் வண்டி வேகத்தைக் குறைத்தது. ஓட்டியவர் கையை ஆட்டினார். வண்டி நிற்காமல் போயிற்று. அடுத்ததும் அப்படியே. கடைசியில் மொட்டை மாமா வந்தார்.

"சரக்கு நேரத்துக்குப் போகணும், கண்ணு. அணைச்சுப் பார்க்கத் தைரியம் வரல. லீவு நாள்ல நடந்தே வர்றோம்" என்று ஓடும் வண்டியிலிருந்தே கத்தினார்.

குருவி வீட்டுக்குள் நுழைந்தாள். அறையில் புகை இல்லை. அம்மா அவளைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா தலை வாரி, சட்டை மாட்டி, திறந்த ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன குருவி, இன்னைக்கு ஒருத்தரும் எட்டிப் பார்க்கல? நான் இன்னும் இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியுமில்ல?"