மேசையில் இல்லாதவர்கள்

பிரஷ் கழுவும் தண்ணீரில் ஒரு வளையம் விழுந்தது. அவன் கை அதில் படவில்லை, மேசையிலும் படவில்லை. விரல் உயரக் குதிரைவீரன் ஒருவனை இடது கையில் பிடித்துக்கொண்டு, அந்த வீரனுடைய மேலங்கியின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு மஞ்சள் கோடு இழுப்பதற்காக மூச்சை அடக்கியிருந்த நேரம் அது. கண்ணாடித் தம்ளரின் நடுவில் ஒரு புள்ளி எழும்பி, வளையமாக விரிந்து, ஓரத்தைத் தொட்டு மறைந்தது. வெளியே லாரி எதுவும் போகவில்லை. மதியத்திலிருந்து விடாமல் பெய்த மழையில் தெரு அடங்கிக் கிடந்தது. இன்னொரு வளையம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒன்று.

பின்னறைதான் அவனுக்குப் பட்டறை. பகலில் பல் செட் செய்வான். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செதுக்கி, யார் யாரோ சிரிக்கப்போகும் சிரிப்புகளை அலமாரியில் வரிசையாகக் காய வைப்பான். அந்த வேலை முடிந்ததும் அதே விளக்கின் கீழ் அதே பூதக்கண்ணாடியோடு ஈய வீரர்களுக்கு வண்ணம் தீட்ட உட்காருவான். அறையின் மறுபாதியை ஒரு பெரிய மேசை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் பீரங்கிக் காலத்துக் கோட்டை ஒன்று, தெர்மாகோலில் செதுக்கி, செங்கல் செங்கலாகக் கீறி, மழைக்கறை வரை பூசி வைத்தது. உள்ளே அவனுடைய நீலச் சட்டைப் படை. வெளியே, பதுங்கு குழிகளில், மச்சானுடைய சாம்பல் சட்டைப் படை.

மச்சான் அவன் மனைவியின் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். பழைய போர்களின் முற்றுகைகளை விதிப்புத்தகமும் பகடையும் வைத்துக்கொண்டு இருவரும் மறுபடி நடத்திப் பார்ப்பார்கள். ஒருவர் முற்றுகையிடுவார், மற்றவர் கோட்டையைக் காப்பார். இந்த முறை கோட்டை அவனுடையது. கடைசி ஞாயிறன்று மச்சானுடைய முறை வந்தபோது, "இரு மாப்ளே, யோசிச்சுக்கறேன்" என்றார். நீங்க ஒரு தடவை யோசிக்கிறதுக்குள்ள நான் ஒரு பல் செட்டே முடிச்சிடுவேன் என்று அவன் வழக்கம்போல் கேலி செய்தான். பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தான். மச்சான் கோட்டைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை. பகடை அவர் உள்ளங்கையில் அப்படியே இருந்தது.

அவரை அடக்கம் செய்த மண் இன்னும் காயவில்லை. மேசையைக் கலைக்க மனைவி விடவில்லை. "இருக்கட்டுங்க, அவன் வச்சது வச்சபடி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் உட்கார்ந்த நாற்காலியைக்கூட நகர்த்தாமல் சுற்றித்தான் பெருக்கினாள்.

மேசையில் ஒன்று மட்டும் குறைந்தது. மச்சானுடைய சுரங்கக்காரர்கள். கடப்பாரையும் கூடையும் தூக்கிய ஒரு சிறு கூட்டம். கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் வெட்ட ஆரம்பித்துவிட்டால் அவர்கள் பூமிக்குள் இருப்பதாகக் கணக்கு. அதனால் மேசையில் வைக்கக் கூடாது. எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்பது காப்பவனுக்குத் தெரியவும் கூடாது. மச்சான் அவர்களைச் சட்டைப் பையில்தான் போட்டு வைத்திருந்தார். அடக்கத்துக்குப் பிறகு அவன் எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டான். கிடைக்கவில்லை.

தம்ளரில் வளையங்கள் நிற்கவில்லை. அவன் குதிரைவீரனைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலிட்டு, காதைத் தரையில் வைத்தான். டைல்ஸின் குளிர்ச்சி கன்னத்தில் ஏறியது. முதலில் தன் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது. அதற்கும் கீழே, ரொம்ப ஆழத்தில், மண்ணில் இரும்பு இறங்கும் சத்தம். ஒரு குத்து. மூச்சு வாங்கும் அளவுக்கு ஓர் இடைவெளி. அப்புறம் மண்ணை வாரும் சரசரப்பு. மறுபடி குத்து.

மறுநாள் காலையில் பிளம்பரைக் கூப்பிட்டான். தெரிந்த ஆள், வேடிக்கையாகப் பேசுபவர். பூமிக்குள் குழாய் உடைந்திருந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு இப்படித்தான் பேய் வேலை செய்கிற மாதிரி கேட்கும் என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தார். பின்னறையில் வைத்துப் பார்த்தார். கூடத்தில் வைத்தபோது சிரிப்பு போய்விட்டது. படுக்கையறை வாசலில் வெகுநேரம் குனிந்தபடியே நின்றார்.

"உங்க வீட்டுக்குக் கீழ ஏதாச்சும் அறை இருக்கா சார்?"

"இல்லையே. ஏன்?"

"தண்ணி இல்ல சார் இது." கம்பியை எடுத்துப் பைக்குள் செருகினார். "தண்ணிக்கு மேல்மூச்சு வாங்காது."

காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னான். அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கேட்டைத் தாண்டிவிட்டார்.

கோட்டைக்குள் அடைபட்டவர்கள் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும். தரையில் அங்கங்கே பாத்திரங்களில் தண்ணீர் வைப்பார்கள். எந்தப் பாத்திரம் அதிகம் நடுங்குகிறதோ அதற்கு நேர் கீழே எதிரி இருக்கிறான். ஒரு ஆட்டத்துக்கான தகவலாகப் படித்ததை இப்போது வெட்கமில்லாமல் செய்தான். சமையலறையிலிருந்து கிண்ணங்களை எடுத்துவந்து பின்சுவர் ஓரம், கூடம், படுக்கையறை என்று நிரப்பி வைத்தான். பின்சுவர் ஓரத்துக் கிண்ணம் அசையவில்லை. அதைத் தாண்டி வந்துவிட்டார்கள். கூடத்தில் லேசான சுருக்கங்கள். படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் வைத்த கிண்ணத்தில் தண்ணீர் கொதிப்பதுபோலத் துள்ளியது. அவன் எழுந்து, வந்த வழியைக் கண்ணால் பின்னோக்கி அளந்தான். கட்டில், கூடம், பின்சுவர். அதற்கப்பால் காலி மனை. அதற்கப்பால் இடுகாடு.

மனைவி துணிக்கடை வேலை முடிந்து மாலையில் வந்தாள். நனைந்த குடையை மடக்கியவள் கிண்ணங்களைப் பார்த்தாள். என்ன இது என்று கேட்கவில்லை. ஒன்றுகூடத் தட்டாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவற்றுக்கு நடுவில் நடந்து வந்தாள்.

"உனக்கும் கேக்குதா?" என்றான்.

"அடக்கம் பண்ணின ராத்திரியிலருந்தே கேக்குது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்தப் பாப்பீங்க." கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதித்தாள். குளத்தில் கால் நனைப்பவளைப் போல அவள் முகம் தளர்ந்தது. "அந்தப் பொம்மைங்களத் தேடிட்டு இருந்தீங்கல்ல. நான்தான் எடுத்தேன். பெட்டியை மூடறதுக்கு முன்னாடி அவன் கையில வச்சு விரலை மடக்கிவிட்டேன். வெறுங்கையோட அனுப்ப மனசு வரல."

அவன் கட்டிலுக்கு அடியில் துள்ளும் கிண்ணத்தைப் பார்த்தான்.

"அண்ணன் எதை ஆரம்பிச்சாலும் பாதியில விட மாட்டான்" என்றாள். அவள் சிரித்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் சிரித்து அவன் அன்றுதான் பார்த்தான்.

"உங்க அண்ணன் இல்லம்மா அது."

"பின்ன யாரு?"

வா, உங்க அண்ணி வீட்டுக்குப் போயிடலாம், ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம் என்று கெஞ்சிப் பார்த்தான். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தான். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். நீங்க வேணா போங்க, அவன் வர்றப்ப வீட்ல ஒருத்தராச்சும் இருக்கணும்ல என்றாள், விருந்தாளிக்குச் சமைக்கிற குரலில்.

அவன் பின்னறைக்கு ஓடினான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தை வெட்டி, வெள்ளை பூசி, ஊசியில் கோத்து, கோட்டைக் கொத்தளத்தின் உச்சியில் குத்தினான். சமாதானக் கொடி. அவசரத்தில் கை பட்டு நீலச் சட்டைக்காரர்கள் இருவர் அகழிக்குள் விழுந்தார்கள். சரணடையச் சொல்லி மச்சான் ஆட்டத்தின் நடுவிலேயே ஆள் அனுப்பியிருந்தார். அவன் மாட்டேன் என்று வீம்பு பேசினான். ஒருமுறை மறுத்துவிட்டால் அப்புறம் சுவர் விழுந்தபின் உள்ளே இருப்பவர்களுக்கு இரக்கம் கிடையாது, அந்தக் காலத்து வழக்கம் அப்படி மாப்ளே என்று மச்சான் கண்சிமிட்டியது ஞாபகம் வந்தது.

கொடி குத்தியதும் தரைக்கடியில் சத்தம் நின்றது.

அவன் மூச்சு விடாமல் காத்திருந்தான். மழைநீர் ஓட்டிலிருந்து சொட்டியது. அலமாரியில் பல் வரிசைகள் மங்கலாகத் தெரிந்தன. பிறகு கீழே ஒரு குத்து. இடைவெளி இல்லாமல் அடுத்தது. அதற்கடுத்தது. பல கைகள் சேர்ந்து. அலமாரியில் பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கிடுகிடுத்தன.

அவள் வராவிட்டால் அவளுடைய அண்ணியைத்தான் இங்கே கூட்டிவர வேண்டும், அவர் சொன்னால் கேட்பாள் என்று தோன்றியது. போன் பண்ணினான், எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மழையில் பாதித் தெரு தாண்டியிருப்பான். அவளைத் தனியாக விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது. வண்டியைத் திருப்பினான்.

வாசற்கதவு திறந்திருந்தது. கரண்ட் இல்லை. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. கூடத்துக் கிண்ணங்கள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. ஈரத் தரையில் அவன் காலடி சளப்சளப்பென்றது. அடியில் சத்தம் இல்லை. தரைக்கு மேலேதான் இருந்தது, படுக்கையறையில். இரும்பு, கல், இரும்பு, கல்.

டார்ச்சை அடித்தான்.

கட்டில் சுவரோரம் தள்ளப்பட்டிருந்தது. டைல்ஸ் பெயர்ந்து குவிந்திருந்தது. அவனுடைய பிளாஸ்டர் உடைக்கும் சுத்தியலால் அவள் தரையை இடித்துக்கொண்டிருந்தாள். கைகளில் ரத்தமும் மண்ணும். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது.

"நிறுத்து" என்றான்.

"பாவங்க, எவ்ளோ தூரம் வெட்டிட்டு வந்திருக்கான். கொஞ்சம்தான் பாக்கி."

அவள் ஒருமுறை தட்டினாள். கீழிருந்து ஒருமுறை தட்டினார்கள்.

அவன் தாவிப் பிடிப்பதற்குள் மண் உள்வாங்கியது. சத்தமே இல்லை. புனலில் மாவு இறங்குவதுபோல நடுவில் குழிந்து இறங்கியது. அவளும் அதோடு இறங்கினாள். கத்தவில்லை. அண்ணா என்று மட்டும் சொன்னாள், வாசலில் வந்தவரைப் பார்த்துச் சொல்வதுபோல.

குழியிலிருந்து வாடை வந்தது. ஈர மண். எரிந்த எண்ணெய். அதற்கும் மேலாக, ஈய வீரர்களுக்குப் பூசும் வார்னிஷ்.

விளிம்பில் குப்புறப் படுத்து வெளிச்சத்தை உள்ளே விட்டான். மரச்சட்டங்கள் முட்டுக்கொடுத்த சுரங்கம். ஒழுங்காக வெட்டிய சுவர்கள். ஆள் குனிந்து நடக்கும் உயரம். அது பின்பக்கமாக வளைந்து இருட்டுக்குள் போனது. அவளைக் காணோம்.

குரல் மட்டும் கேட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம். அவள் ஏதோ கேட்டாள். ஓர் ஆண்குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொன்னது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நடுவில் அறுந்தது.

அவன் பெயரில்லாத ஏதோ சாமியை வேண்டினான். அவளைக் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான்.

அப்புறம் காலடி. நிதானமாக. கனமாக.

"ஏங்க." அவள் குரல்தான். "கை குடுங்க. ஏறணும்."

இருட்டிலிருந்து கை மேலே வந்தது. யோசிக்கவில்லை. பிடித்துவிட்டான். சில்லென்று இருந்தது. வழவழப்பாக. ரத்தம் இல்லை, மண் இல்லை. இழுத்தான். நகரவில்லை. ஈயக் குண்டு போல் கனத்தது.

டார்ச்சை அவள் முகத்துக்குத் திருப்பினான்.

சிரித்துக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தின் மேட்டில் வெளிச்சம் பட்டு ஒரு வெள்ளைப் பளபளப்பு. டார்ச்சை வலப்பக்கம் நகர்த்தினான்.

பளபளப்பு நகரவில்லை.

இடப்பக்கம் நகர்த்தினான். அங்கேயே இருந்தது. ஈய வீரர்களின் கன்னத்தில் வைப்பதுபோல, மெல்லிய பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் வைத்த வெள்ளை. மூக்கின் ஓரத்தில் பழுப்பு நிழல். அதுவும் நகரவில்லை. உதட்டுக்குக் கீழே ஒரு கோடு. கண்ணில் வெள்ளை. வெள்ளையின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

டார்ச் கை தாழ்ந்தது. வெளிச்சம் அவள் தோளைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் விழுந்தது.

கடப்பாரைகள். கூடைகள். தோளோடு தோளாக நின்ற முகங்கள். ஒவ்வொரு இடது கன்னத்திலும் அதே வெள்ளைத் தீற்று. எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கையை உருவப் பார்த்தான். அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி இறுகின.