எறும்பு வராத வெல்லம்

அடுப்படி மேடையில் விழுந்த வெல்லத் துண்டு காலையிலிருந்து அப்படியே கிடந்தது. கலியம்மாள் மூன்று முறை பார்த்துவிட்டாள். ஓரம் கசிந்து, மேடையில் ஈரமாகப் படர்ந்திருந்தது. ஒரு எறும்புகூட வரவில்லை.

விக்கிரமங்கலத்தில் அந்த வீட்டுக்கு வாழ வந்து முப்பத்தைந்து வருடம். எறும்பில்லாத ஒரு பகலை அவள் பார்த்ததில்லை. விடிந்ததும் அடுப்படிக்குச் சித்தெறும்பு வரும். வெயில் ஏறினால் அவை சுவருக்குள் போய்விட, பிள்ளையார் எறும்பு பாத்திர இடுக்கெல்லாம் அலையும். கொல்லை மாமரம் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறுக்குச் சொந்தம். வாசற்படிக்கு அடியில் கட்டெறும்பு. அதைத் தாண்டி வெளியிலிருந்து வேறெதுவும் உள்ளே வந்துவிடாது. ஒன்றை ஒன்று கடிக்கும், விரட்டும், செத்ததை இழுத்துக்கொண்டு போகும். ஆனாலும் எதுவும் ஒரேயடியாக ஜெயித்ததில்லை. அதனால்தானோ என்னவோ, எல்லாமே பிழைத்துக் கிடந்தன.

அந்தப் படியில்தான் அவள் போன வாரம் எறும்புப் பொடி போட்டாள்.

பாவம், அவளைக் குறை சொல்ல முடியாது. சர்க்கரை நோயில் வலது கால் கட்டைவிரலை அரியலூரில் எடுத்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. "காலுக்கு உணர்ச்சி இல்லம்மா. எறும்பு கடிச்சாக்கூடத் தெரியாது. தினமும் பாத்துக்கங்க. இன்னொரு புண்ணு வந்தா முட்டிக்குக் கீழ எடுத்துடணும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்தால், படியில் கட்டெறும்புகள் ஏதோ ஒரு புது எறும்போடு கட்டிப் புரண்டு செத்துக் கிடந்தன. மஞ்சள் நிறம், நீண்ட நீண்ட கால்கள். ரோடு போட வெளியூர் மண் கொட்டிய பிறகு ஊருக்குள் வந்தவை. பெரியதுதானே கடிக்கும் என்று நினைத்தாள். கட்டெறும்புப் புற்றின் வாயில் பொடியைக் கொட்டி, மேலே தண்ணீரும் ஊற்றினாள்.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் டீ குடிக்க வந்தாள்.

"என்னக்கா, ஒன் வூட்டு எறும்பெல்லாம் கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சா? ஒடம்பு முழுக்கச் சக்கரைய வச்சிருக்க, ஒன்னைய வுட்டுட்டு எங்க போவப்போவுது?"

"போடி, வாயாடி."

குஞ்சம்மாள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "என் ஆட்டுக்குட்டி ரெண்டுக்கும் கண்ணு தெரியலக்கா. செவுத்துல போயி முட்டுதுங்க. அந்த மஞ்ச எறும்பு மூஞ்சி பூரா மொச்சுக் கெடந்துச்சு. நீ காலப் பாத்தியா இன்னைக்கி?"

"பாத்தேன், பாத்தேன்."

பார்க்கவில்லை. விரல் போன பிறகு அந்தப் பக்கம் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. நர்ஸம்மா வந்து கட்டு மாற்றும்போது சுவரைப் பார்த்துக்கொள்வாள். அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. காலில் தொடங்கிய மரப்பு மெல்ல மேலேறி நெஞ்சுவரை வந்துவிட்டது போலிருந்தது. நர்ஸம்மா கடைசியாக வந்து நாலு நாள் ஆகிவிட்டது.

குஞ்சம்மாள் போனதும் கரண்டு நின்றது. மாதத்தில் ஒரு நாள், கம்பி பார்க்கிறோம் என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை நிறுத்திவிடுவார்கள். ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்து, ஃபிரிட்ஜின் உறுமல் அடங்கி, தூரத்தில் சிமெண்ட் லாரி ஒன்று கடந்துபோன பிறகு வீட்டுக்குள் வெயிலும் புழுக்கமும் மட்டும் மிஞ்சின. அப்போதுதான் அது கேட்டது. முறத்தில் அரிசியை யாரோ மெல்ல, மிக மெல்லப் பரப்புவது போன்ற சத்தம்.

அரிசி டப்பாவைத் திறந்தாள். ஒன்றுமில்லை. சத்தம் இருந்தது.

கம்பை ஊன்றிக் கூடத்துக்கு வந்தாள். பீரோவுக்குப் பின்னால் குனிந்து கேட்டாள். அங்கும் இருந்தது. கூடவே ஒரு வாடை. எறும்பை விரலால் நசுக்கினால் வருமே, அந்தப் புளித்த வாடை. சுவரிலிருந்து பல்லி ஒன்று பிடி தவறிப் பொத்தென்று விழுந்தது. அதன் கண்கள் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தன. எழுந்து நடந்து, சுவரில் முட்டி, மறுபடி முட்டியது.

கொல்லைக் கதவுவரை போனாள். மாமரத்தில் முசுறுக் கூடுகள் காய்ந்து தொங்கின. சத்தம் அங்கும் இருந்தது, அதே தூரத்தில்.

நின்றாள். சத்தமும் அவள் நின்ற இடத்திலேயே தங்கியது. ஓயவில்லை.

நடந்தாள். கூடவே வந்தது.

"குஞ்சம்மா" என்று கூப்பிட்டாள். குரல் வாசல்வரைகூடப் போகவில்லை.

கட்டிலில் உட்கார்ந்தாள். வழக்கம்போல வலது காலைத் தூக்கி எதிரேயிருந்த முக்காலியில் வைத்தாள். சுவரைப் பார்த்தாள். வெகுநேரம் சுவரையே பார்த்தாள்.

பிறகு குனிந்தாள்.

கால் அசையவில்லை. கட்டு அசைந்தது.

வெள்ளைத் துணி மூச்சு விடுவதைப்போல ஏறியது. இறங்கியது. ஓரங்களில் மருந்துக் கறை போல மஞ்சள். கறை நகர்ந்தது. சுவரோரமிருந்து தரை வழியாக, முக்காலிக் கால் வழியாக, வரிசையே இல்லாமல், அவசரமாக, ஆயிரம் ஆயிரமாக ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் அரிசிக் குருணை போல ஒரு வெள்ளை முட்டை.

எதையும் வெளியே எடுத்துப் போகவில்லை.

உள்ளே கொண்டுவந்தன.

கலியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வலிக்கவில்லை. கட்டுத் துணியின் விளிம்பு லேசாகத் தூக்கிக்கொண்டது, குடிவருகிறவர்களுக்கு வழிவிடுவதைப்போல.